கானா வளவின் பெரிய வெள்ளி

பெரிய வியாழன் மத்தியானம் அன்ரோனெற் இடுப்புயர நீலப் பிளாஸ்ரிக் பரலின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே மழைச் சத்தம். ஓலைக் கூரையில் மழை பிடிக்கத் தொடங்கும்போது கேட்கிற அந்தச் சின்னப் பொரிவு. அடுத்த பரலிலும் அதே மழை, அதற்கடுத்ததில் இன்னும் பலமாக. வரிசையாக நின்ற பரல்களைச் சுற்றி நனைந்த சாக்குகளைக் கட்டியிருந்தார்கள். அப்படியிருந்தும் கொட்டிலுக்குள் வெக்கை ஆளை அமத்தியது. மூடியிருந்த துணியை விலக்கினாள். நசிந்த பழத்தின் தோலும் விதையும் மேலே எழும்பி, கறுத்த மெத்தைபோலத் திரண்டு நின்றன. பாதியாய் அறுத்த பழைய துடுப்பொன்றால் அந்த மெத்தையை மெல்ல அடிக்கு அமத்தினாள். நுரை சீறிக்கொண்டு வந்து அவள் முழங்கையை நனைத்தது. இனிப்பும் காரமுமாக ஒரு மணம் எழுந்து மூக்கை நிறைத்தது. நல்ல மணம். இந்த அஞ்சு வருடத்தில் இவ்வளவு நல்ல மணம் வந்ததில்லை.

பூசைப் புத்தகத்தில் திராட்சை என்று இருந்தாலும் இந்தக் கரையில் எல்லாருக்கும் அது முந்திரிகைதான். பிழிந்த முந்திரிகை பொங்குகிற நாட்களில் காலை, மத்தியானம், பொழுதுபட என்று மேலே மிதக்கும் சக்கையை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் மேல்பக்கம் காய்ந்து புளிக்கும். அந்தப் புளிப்பு கீழே இறங்கினால் பரல் முழுக்கக் காடிதான். இது வளவில் எல்லாருக்கும் தெரியும். மற்ற வருடங்களில் தவக்காலம் முடிவதற்குள் பரல்கள் பொங்கி அடங்கிவிடும். இந்த வருடம் பெய்யாத மாதத்தில் மழை பெய்து பழம் பிந்தியது. ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளோ பங்குனிக்குள்ளேயே முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"சின்னம்மா, பொழுதுபட ஒருக்காத் தள்ளுவீங்கள். பேந்து எப்ப?"

கொட்டில் வாசலில் டிலோஜன் நின்றான். அவளுடைய அக்காவின் மகன். விவசாயப் பாடம் படித்துவிட்டு வந்து, வளவின் விற்பனை வேலைகளையெல்லாம் பார்ப்பவன்.

"பேந்து சனி இரவு. பூசையில மணி அடிச்சாப் பிறகு."

"ரெண்டு நாள். இந்த வெயிலுக்கு ரெண்டு நாள் விட்டா என்ன வரும் எண்டு உங்களுக்குச் சொல்லித் தரவேணுமே?"

அவள் அடுத்த பரலின் துணியை விலக்கினாள்.

கானா வளவில் மூப்பர் அருளப்பு கொண்டுவந்த ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்தக் கோயிலிலும் எந்த மடத்திலும் இல்லாத வழக்கம். பெரிய வியாழன் மாலைப் பூசை முடிந்ததிலிருந்து பாஸ்கு இரவில் மணி திரும்ப அடிக்கும்வரை வளவில் யாரும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதில்லை, எந்தப் பாத்திரத்தையும் வேலைக்கென்று தொடுவதில்லை. குடிக்கத் தண்ணீரை வியாழக்கிழமையே பானைகளில் நிறைத்துவைத்துவிடுவார்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஓயாமல் கிரீச்சிடும் கிணற்றுக் கப்பியும் அந்த இரண்டு நாளும் மூச்சுக் காட்டாது. வெளியாருக்கு இது விசித்திரமாகப் படும். வளவுக்காரர் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. எல்லாருமே கடைசிச் சண்டையில் மாத்தளன் கரையில் ஒன்றாகக் கிடந்து தப்பி வந்தவர்கள். அங்கே ஒரு பெரிய வெள்ளியன்று தண்ணீர் அள்ளப் போன பஸ்ரியன், அன்ரோனெற்றின் புருசன், கிணற்றடியிலேயே ஷெல் பட்டு விழுந்ததை எல்லாரும் கண்டவர்கள்.

அந்தத் தண்ணீர் யாருக்காக என்பது மட்டும் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அன்ரோனெற்றுக்கும், மூப்பர் அருளப்புக்கும். பதுங்குகுழிக்குள் காய்ச்சலில் நாக்கு ஒட்டிக் கிடந்த அருளப்பு, "ஒரு மிடறு தண்ணி, பஸ்ரியன்" என்று கேட்டார். அவ்வளவுதான். "இந்தா வாறன் மூப்பர்" என்று பஸ்ரியன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

முகாம் வாழ்க்கை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, வெள்ளாங்குளத்துக்கு மேற்கே கடலைப் பார்த்த இந்தக் காணியில் அவர்களை ஒன்றாகக் குடியேற்றி, வேதாகமத்தில் தண்ணீர் இரசமான கானா ஊரின் பெயரை வைத்தவர் பெனடிக்ற் பாதர். தனித்தனி வீடாக இருந்தால் தனித்தனியாக அழுதே முடிந்துபோவீர்கள், ஒரு சட்டியில் சமையுங்கோ என்றார். விதவைகள், கால் போனவர்கள், பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் என்று பதினைந்து பதினாறு பேர். ஒரே குசினி, ஒரே மேசை, எல்லார் உழைப்பும் ஒரே பெட்டியில். காலையிலும் மாலையிலும் ஒன்றாகச் செபம். காணியோ வெறும் மணல். அதில் முந்திரிகை வரும் என்று பாதர் சொன்னபோது யோசேப் சிரித்த சிரிப்பில் பொய்க்கால் கழன்றுவிட்டது. "பாதர், இந்த மணலில நண்டுதான் வரும்" என்றான்.

ஆனால் வந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலிருந்து கொடித் தடிகளை ஈரச் சாக்கில் சுற்றித் தன் லொறியில் கொண்டுவந்து இறக்கியவர் எருக்கலம்பிட்டி சரிபுதீன். அவரும் இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். ஏற்றுகூலி வேண்டாம் என்றுவிட்டார். பந்தலுக்குப் பனங்கொட்டுகளைத் தூணாக நட்டார்கள். இழுத்துக் கட்டக் கம்பி இல்லை. கைவிடப்பட்டுக் கிடந்த காவலரணைச் சுற்றியிருந்த முட்கம்பியைச் சுருள் சுருளாக அள்ளிவந்து, பெண்கள் நிழலில் இருந்து ஒவ்வொரு முள்ளாகச் சுத்தியலால் அடித்து மடக்கினார்கள். அடுத்த வருடம் அந்தக் கம்பியில் பச்சைத் தளிர் சுருண்டு ஏறியதைக் கண்டு அன்ரோனெற் தன்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூசைக்கான முந்திரிகை இரசத்தில் சீனி சேர்க்கக்கூடாது, தண்ணீர் சேர்க்கக்கூடாது. பழம் மட்டும். பழத்தைக் காலால் மிதித்தார்கள். மிதிக்கமுன் ஒருவருக்கொருவர் கால் கழுவிவிடுவது பாதர் பழக்கிய பழக்கம். பகையோடு ஒருவன் கால் மிதித்தால் பரல் பொங்காது என்று சொல்லிவைத்திருந்தார். அதனால் பழம் பறிக்கிற கிழமையில் வளவில் சண்டைகள் அவசர அவசரமாகத் தீர்க்கப்படும். செபமாலை சொல்லிக்கொண்டே மிதிப்பார்கள், ஒரு மணிக்கு ஒரு மிதி. யோசேப் ஒற்றைக் காலால் நொண்டியடித்துக்கொண்டே, "என்ர பரல் பொங்க ரெண்டு நாள் பிந்தும், ஒருத்தரும் குறை சொல்லப்படாது" என்பான்.

முதல் வருடம் தங்கள் கோயிலுக்கு மட்டும் போதுமான அளவு வந்தது. பிறகு கரையோரத்துப் பங்குக் கோயில்கள் கேட்டன. அதற்கடுத்த வருடம் உட்பக்கத்துப் பங்குகளும் கேட்டன. ஞாயிறு பூசையில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தும்போது வளவுக்காரர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையைக் குனிந்துகொள்வார்கள். பெருமை பாவம் என்று பயம். வெளிநாட்டிலிருந்து திருநாளுக்கு வந்தவர்கள் போத்தலுக்கு அலைந்தார்கள். "இது பீடத்துக்கு மட்டும்" என்று பாதர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். அந்த நாட்களில் மேசையில் சோற்றுக் கோப்பைகள் நெருக்கமாக இருந்தன. இரவில் யாராவது கனவில் கத்தினால் பக்கத்தில் படுத்தவர் எழும்பித் தண்ணீர் கொடுத்தார். அன்ரோனெற்றுக்கு அது போதுமாயிருந்தது. போனவர்கள் போக, மிஞ்சியவர்களைக் கடவுள் இப்படி ஒரு பந்தலின் கீழ் கட்டிவைத்திருக்கிறார் என்று நினைத்தாள்.

போன வருடம் பாதருக்கு இடமாற்றம் வந்தது. அதோடு பங்குகளுக்கு இரசம் எடுக்கும் பொறுப்பு வேறொரு குருவானவரிடம் போயிற்று. அவர் நல்ல மனிதர். "இந்த முறை தரமாக வந்தால் எல்லாப் பங்குக்கும் உங்களிடமே எடுக்கிறோம். பிந்தினால் மட்டும் எனக்கு வேறு வழியில்லை, கொழும்பில்தான் எடுக்கவேணும்" என்று டிலோஜனிடம் சொல்லியிருந்தார். ஏற்கனவே இரண்டு குடும்பங்கள் வேலை தேடி மன்னாருக்குப் போய்விட்டன. இந்தப் பரல்கள் நல்லபடி அடங்கினால் வளவு நிற்கும், இல்லையென்றால் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

வியாழன் மாலை பூசைக்குப் போகுமுன் அன்ரோனெற் கடைசியாக எல்லாப் பரலையும் தள்ளி மூடினாள். கொட்டிலைப் பூட்டித் திறப்பை இடுப்பில் சொருகினாள். கோயிலில் குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவினார். அருளப்புவின் காலும் அதில் ஒன்று. வெடித்த குதிக்காலில் தண்ணீர் வழிந்ததை அன்ரோனெற் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்களை இறுக மூடியிருந்தார்.

பெரிய வெள்ளி விடிந்தபோதே காற்று இல்லை. காலைச் செபம் முடிந்ததும் அருளப்பு, ஒவ்வொரு வருடமும் செய்கிறபடி, கிணற்றடிக்குப் போய்க் கட்டுக்குப் பக்கத்தில் மணலில் இருந்துகொண்டார். எழுபது வயதுக்குக் கிட்டிய மனிதர். வெயிலுக்குத் தலையில் ஒரு துண்டு மட்டும். பொழுதுபடும்வரை அப்படியே இருப்பார். பானைத் தண்ணீரில்கூட ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டார்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன் டிலோஜன் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"கொட்டில் பக்கம் போய்ப் பாத்தனீங்களே? மணக்குது."

"தெரியும்."

"ஒரே ஒருக்கா. திறப்பைத் தாங்கோ, நான் போய்த் தள்ளிப்போட்டு வாறன். பாவம் என்ர தலையில இருக்கட்டும்."

"பொறு தம்பி. மூப்பரைக் கேட்டுக்கொண்டு வாறன்."

"அவர் ஓம் எண்டுவாரே? கல்லுக்குக் கூடக் காது இருக்கும், அவருக்கு இராது."

அவள் கிணற்றடிக்கு நடந்தாள். நடக்க நடக்கச் சண்டைக்கான சொற்களை மனதில் அடுக்கினாள். வீட்டில் இத்தனை பேர் இருக்கினம், மூப்பர். ஓய்வுநாளில கிணத்துக்குள்ள விழுந்த மாட்டைத் தூக்கக்கூடாதோ எண்டு ஆண்டவரே கேட்டவர். செத்தது என்ர மனுசன். நான் சொல்லுறன், இந்தச் சட்டம் காணும், இனி விடுங்கோ. கடைசிச் சொல்லைத்தான் அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது.

கொட்டிலில் இருந்து புளிப்பு மணம் மெல்லிய நூலாகக் கிணற்றடிவரை வந்திருந்தது. அருளப்பு அவளை நிமிர்ந்து பார்த்தார். உதடு வெடித்து ஓரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது.

"மணக்குது என்ன, பிள்ளை?"

"ஓம் மூப்பர்."

அவர் கொஞ்ச நேரம் செபமாலையை உருட்டினார். பிறகு, "நீ போய்த் தள்ளு" என்றார். "பெடியனையும் கூட்டிக்கொண்டு போ. நான் இந்தப் பக்கம் திரும்பி இருக்கிறன். நான் காணேல்லை."

சொன்னபடியே கிணற்றுக் கட்டைப் பார்த்துத் திரும்பி இருந்தார், சிறுபிள்ளை சுவரைப் பார்த்து நிற்பதுபோல. தோள் எலும்புகள் சட்டைக்குள் துருத்தின. அவர் விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தார். ஒவ்வொரு பத்து மணி முடிவிலும் வாய்க்குள் ஒரு பெயர் வந்தது. அன்ரோனெற் குனிந்து கேட்டாள். பஸ்ரியன். அடுத்த பத்து முடிவிலும் பஸ்ரியன். ஏழு வருடமாக, வருடத்துக்கு ஒரு நாள், இந்த மனிதர் குடிக்காத தண்ணீரையெல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அவர் மறுத்திருந்தால் அவள் சண்டை பிடித்திருப்பாள், வென்றும் இருப்பாள். அவர் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது அவர் கை மணலை இறுகப் பிடித்திருந்ததை அவள் கண்டாள். பிடித்த மணல் விரலிடுக்கால் சிந்திக்கொண்டிருந்தது.

"விடுங்கோ மூப்பர்," என்றாள். "ரெண்டு நாள்தானே. ஆண்டவர் பாத்துக்கொள்ளுவார்."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும். பரல்களை ஆண்டவர் பார்த்துக்கொள்ள மாட்டார். அவர் பழத்தைப் பழத்தின் போக்குக்கே படைத்துவிட்டிருக்கிறார். அவள் இடுப்பில் இருந்த திறப்பை உள்ளே தள்ளிச் சொருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். தன் செபமாலையை எடுத்தாள். தூரத்தில் கொட்டில் வாசலில் டிலோஜன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அவன் அங்கே இல்லை.

ஞாயிறு விடியமுன், இரவுப் பாஸ்குப் பூசை முடிந்து வந்ததும் கொட்டிலைத் திறந்தார்கள். பூச்சிகள் புகைபோலக் கிளம்பின. சக்கை காய்ந்து வெடித்து, வெடிப்புகளில் வெள்ளையாய் ஏதோ படர்ந்திருந்தது. பரல்களுக்குள் மழைச் சத்தம் நின்றுபோயிருந்தது. யோசேப் ஒரு பரலில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். எப்போதும் ஏதாவது பகிடி விடுகிறவன், அன்றைக்கு விரலை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு வெளியே போனான்.

டிலோஜன் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாக நொந்தது.

"ஏன் சின்னம்மா? அவர் ஏலாது எண்டிட்டாரோ?"

"இல்லைத் தம்பி. அவர் போய்த் தள்ளச் சொன்னவர். நான்தான் மாட்டன் எண்டனான்."

"நீங்களோ?"

"ஓம்."

"இத்தனை பேற்ற சோறு, சின்னம்மா."

"ஓம் தம்பி."

அவன் அவளையே பார்த்தான். அவளிடம் காரணம் இருந்தது. அதைச் சொன்னால் அவன் கோபம் இறங்கும் என்றும் தெரியும். ஆனால் அது அவளுடைய காரணம் மட்டுமல்லவே. அவள் பரலில் கட்டியிருந்த சாக்கைக் கழற்றத் தொடங்கினாள்.

அந்தக் கிழமை சரிபுதீன் மீன் பெட்டி ஏற்றப் போகிற வழியில் வளவுக்கு வந்தார். முன்பெல்லாம் கேற்றடியில் நின்றே குரல் கொடுப்பார். "பழமா இருக்கிற வரைக்கும் என்ட லொறி உங்கட லொறி, அக்கா. நீங்க காலால மிதிச்ச பிறகு நான் அந்தப் பக்கம் இல்லை" என்பது அவருடைய நிரந்தரப் பகிடி. அன்றைக்குக் கேற்றைத் தாண்டி, கொட்டில்வரை வந்து, வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"நீங்க ஒண்டும் போடல்லையே இதுக்குள்ள? தானாத்தானே புளிச்சது?"

"தானாத்தான்," என்றாள் அன்ரோனெற்.

"அப்ப எனக்குத் தாங்க. தானாப் புளிச்சு விநாகிரி ஆகிட்டா எங்கட மார்க்கத்தில அது ஹலால். அஞ்சு வருசமா நான் கிட்ட வராத பரல் இது. இப்ப அதுவாவே திருந்தி வந்திருக்கு, நான் விட்டுட்டுப் போறதா?"

அழுகை வருமென்று நினைத்த இடத்தில் அன்ரோனெற்றுக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் நின்ற யோசேப்பும் சிரித்தான். சரிபுதீன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் பரலைத் தானே உருட்டினார். எருக்கலம்பிட்டிக் கலியாண வீடுகளில் அந்த வருடம் அச்சாறு எல்லாம் கானா வளவு விநாகிரியில் போட்டதுதான். மாங்காய் அச்சாறு ஒரு சாடியில் வளவுக்கும் வந்தது. அதை மேசையில் வைத்து எல்லாரும் சாப்பிட்டார்கள். அருளப்பு மட்டும் தொடவில்லை. அன்ரோனெற் அவர் கோப்பையில் ஒரு துண்டைத் தானே எடுத்துவைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாப்பிட்டார்.

பங்குகளுக்கு இரசம் அந்த வருடம் கொழும்பிலிருந்து வந்தது. பெட்டி பெட்டியாக, நேரத்துக்கு வந்தது. அதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசையில் முதலில் டிலோஜனின் கோப்பை குறைந்தது. நீர்கொழும்புப் பக்கம் ஒரு ஹோட்டலில் வேலை. போகும் நாளில் முழங்காலில் நின்று அவளிடம் ஆசீர்வாதம் வாங்கினான், அருளப்புவிடம் போகவில்லை. பிறகு தையல் ஆலை பஸ் சந்திவரை வரத் தொடங்கியது, இளம் பெண்கள் அதில் ஏறினார்கள். கனடாவில் இருந்து மகன் கூப்பிட்ட ஒருத்தி அழுதழுது போனாள். போன எல்லாரும் நல்லதுக்கே போனார்கள். பிழைத்துப்போன பிள்ளைகளைப் பார்த்து வீடு அழக்கூடாது என்று அன்ரோனெற் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கொடிகளுக்கு வெள்ளை நோய் விழுந்தது. கிளை வெட்டக் கை போதவில்லை. மாரிக் காற்றில் பந்தலின் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த வருடம் காய்த்த பழத்தைக் குருவிகளும் சுபத்திராவின் பிள்ளைகளும் தின்று தீர்த்தார்கள். சுபத்திரா வயல் பக்கத்துக் குடியேற்றத்தில் இருப்பவள், வளவின் அயல். பரல்களில் இப்போது மாட்டுக்குத் தவிடு இருந்தது.

அடுத்த பெரிய வெள்ளி சித்திரை வருடப்பிறப்போடு ஒரே நாளில் வந்தது. வளவில் நாலு பேர் மிஞ்சியிருந்தார்கள். யோசேப்பும் இன்னொருத்தியும் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அன்ரோனெற்றுக்குக் கால் வீங்கியிருந்ததால் போகவில்லை. அருளப்பு வழக்கம்போலக் கிணற்றடியில் இருந்தார். வயல் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. முதல் வெடிக்கு இருவருமே ஒருகணம் உடலை ஒடுக்கிக்கொண்டார்கள். பிறகு, வருடப்பிறப்பு, பிள்ளைகள் என்று நினைவு வந்தது.

காலை கொஞ்சம் ஏறியதும் சுபத்திரா புதுச் சீலையில் மூன்று பிள்ளைகளோடு வந்தாள். கையில் மூடிய தட்டு.

"அக்கா, இண்டைக்கு நீங்கள் ஒருசந்தி எண்டு தெரியும். ஆனா வருசத்துக்கு உங்களுக்குத் தராமல் எப்பிடி? வைச்சுப்போட்டு நாளையிண்டைக்குச் சாப்பிடுங்கோ."

பலகார மணம் வந்தது. அன்ரோனெற் தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெயிலில் நடந்துவந்த பிள்ளைகள் முகம் சிவந்து நின்றார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். முன்பு பானைகள் வரிசையாக இருக்கும். இப்போது நாலு பேருக்கு ஒரு பானை. அவள் செம்பை விட்டு மொண்டு மொண்டு கொடுத்தாள். கடைசிப் பிள்ளை குடித்து, இன்னும் என்றது. கொடுத்தாள். பானையைச் சரித்துத்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

அவர்கள் போனபிறகு வெயில் நேரே தலைக்கு மேல் வந்தது. அன்ரோனெற் பழைய இடத்தில், அருளப்புவுக்கு ஒரு எட்டுத் தள்ளி, இலையில்லாத பந்தலின் கம்பி நிழலில் இருந்து செபமாலை சொன்னாள். மூன்றாவது பத்தில் நாக்கு மேலன்னத்தில் ஒட்டியது. நாலாவதில் மணல் வெள்ளையாகி, பிறகு கறுத்து, திரும்ப வெள்ளையாகியது. சாய்ந்திருந்த பந்தல் தூணைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். இந்த நாளில், இந்த மனிதரிடம், அந்தச் சொல்லை அவள் கேட்கமாட்டாள். செத்தாலும் கேட்கமாட்டாள்.

"பிள்ளை," என்றார் அருளப்பு.

"ஒண்டுமில்லை மூப்பர். வெயில்."

"பானையில?"

"பிள்ளையளுக்குக் குடுத்திட்டன்."

அன்ரோனெற் கண்ணை மூடிக்கொண்டாள். தூரத்தில் இன்னொரு வெடி. பிறகு மணலில் கை ஊன்றி யாரோ எழும்புகிற சத்தம், முழங்கால் மூட்டு முறிகிற சத்தம், காலடிகள். பிறகு கயிறு அவிழ்க்கிற சத்தம். அவள் கண்ணைத் திறந்தாள்.

அருளப்பு கிணற்றுக் கட்டில் நின்றார். வாளியைக் கையில் தூக்கி, அதற்குள் எதையோ தேடுகிறவர்போலப் பார்த்தார். வாளியின் பிடி கடகடத்தது. அவளுக்கு, வேண்டாம் மூப்பர் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. போன வருடம் அவர் கொடுத்ததை அவள் வாங்கவில்லை. இந்த முறை வாங்கவேண்டும் என்று தோன்றியது. அவர் வாளியை விட்டார்.

கப்பி கத்தியது. இத்தனை வருடத்தில் இந்த நாளில் கத்தாத கப்பி, எண்ணெய் காணாமல், வளவு முழுக்கக் கேட்கக் கத்தியது. கீழே தண்ணீர் உடைந்தது. அருளப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, அசையாமல் நின்றார். ஒன்றும் நடக்கவில்லை. பந்தல் கம்பியில் ஒரு குருவி இருந்து தலையைச் சரித்தது. அவர் கையை மாற்றி மாற்றி இழுக்கத் தொடங்கினார்.

தண்ணீரைச் செம்பில் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் மெதுவாக நடந்து வந்தார். பாதி வழியிலேயே சிந்திவிட்டது. மீதியை அவள் வாயில் வைத்துக் குடித்தாள். கிணற்றுக் குளிர்ச்சி தொண்டை வழியே நெஞ்சுக்குள் இறங்கியது. கொஞ்சம் மிச்சம் வைத்து, செம்பை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களும் குடியுங்கோ, மூப்பர்."

அவர் அவளுக்கு எதிரே மணலில் இருந்தார். செம்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கிணற்றடியிலிருந்து அவர் காலடிவரை மணலில் ஈரம் ஒரு கோடாகக் கிடந்து காய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து செம்புக்குள் பார்த்தார். உள்ளே கிடந்த கொஞ்சத் தண்ணீர் மெல்ல ஆட, அதில் பட்ட வெயில் சின்ன வட்டமாகத் தெறித்து, அவருடைய நரைத்த தாடியிலும் வெடித்த உதட்டிலும் ஏறி ஏறி இறங்கியது.